உன் மடக்கு நாற்காலி

மெம்ஃபிஸில் அண்ணன் வீட்டில் ஒளிந்திருக்கும் என்னவனுக்கு,

நேற்று மத்தியானம் எதிர்வீட்டு எர்லீனின் மகன் லவெல், சட்டையில்லாமல் நடுத்தெருவில் நின்று கூச்சல் போட்டான். கையில் சுத்தியல். கறுப்புப் பிள்ளையைச் சுடுவதற்குப் போலீஸுக்கு அதுவே போதும். அவர்கள் சுட்டபோது நம் பிள்ளை கையில் அதுகூட இல்லை.

யாரும் போலீஸைக் கூப்பிடவில்லை. இப்போது நம் தெருவில் யாராவது இப்படி மிரண்டால், ஆளுக்கொரு நாற்காலியோடு போய்ச் சற்றுத் தள்ளி உட்காருவோம். யாரும் நிற்கக் கூடாது. நின்றால் மிரண்டவன் இன்னும் மிரளுவான். பழக்கதோஷத்தில் நான் உன்னுடையதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"எல்லாரும் எதுக்கு வந்தீங்க?" என்று அலறினான் லவெல்.

"உங்கம்மா கோழி வறுக்கிறாளே, வாசனை சும்மா விடுமா?" என்றேன்.

வெகுநேரம் முறைத்தான். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, காலியாக இருந்த உன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"இது யாரோடது அத்தை?"

"உங்க மாமாவோடதுடா. சீக்கிரம் வந்துருவாரு."

நம் பிள்ளை இப்படி மிரண்ட அன்று நீ உதவி கேட்டுத்தான் போலீஸை அழைத்தாய். அழைக்க வேறு எந்த எண்ணும் அப்போது இந்தத் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. உன் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அவன் அறையைத் தினமும் பெருக்குகிறேன். ஜன்னலை மட்டும் திறக்க முடியவில்லை, இறுகிக் கிடக்கிறது. அதற்கு உன் கை வேண்டும்.

நீ வருவாய் என்று அந்தப் பையனிடம் சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

இன்றும்
உன் மனைவி