பத்து நாற்பதுக்கு எண்ணிய பாறை

அன்பு மிக்க உங்களுக்கு,

நானும் குட்டியும் நலம். உங்கள் நலமறிய ஆசை என்று வழக்கமாக எழுதுவேன். இந்த முறை அதைவிட அவசரமான சேதி ஒன்று இருக்கிறது. கடலில் இறங்காமலே முப்பது வருடம் ஓட்டிய நம் மேலதிகாரி, அதுதான் நம்முடைய 'நனையாத கால்', வசமாக மாட்டிக்கொண்டார். கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள்.

அதற்கு முன் வீட்டு விஷயம். குட்டிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. "அப்பாவுக்கு ஃபோட்டோ அனுப்பாதம்மா, சிரிப்பாரு" என்கிறாள். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. நீங்கள் சொன்னபடி துணி சுற்றி வைத்திருக்கிறேன். குளிர்கிடங்கில் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மீன் பெட்டி எண்ணுவதாக எழுதியிருந்தீர்கள். உயிரோடு இருப்பதை எண்ணிக்கொண்டிருந்த மனிதரைச் செத்ததை எண்ண வைத்துவிட்டான் பாவி. மரியாதை நழுவுகிறது, தெரிகிறது. திருத்தப் போவதில்லை.

அடுத்த மாதம் அவருக்கு ஓய்வு. மேடை, பூங்கொத்து, ஒலிபெருக்கி எல்லாம் ஏற்பாடு ஆகிறது. பாராட்டுரை எழுதும் பொறுப்பு யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? எனக்குத்தான். "உங்க எழுத்து நல்லா இருக்கும்மா, நீங்களே எழுதிடுங்க. என் ஃபீல்டு வேலை ஒண்ணு விடாம வரணும்" என்றார். மூன்று வருடமாக நான் காட்டிய பணிவை அப்படியே நம்பிவிட்டார். பழைய கோப்புகள் இருக்கும் இரும்பு அலமாரியின் சாவியைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

மூன்றாவது தட்டில் இருந்தது, கரையில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று அவர் கணக்கெழுதிய அந்தப் படிவம். விசாரணையில் நீங்கள் கேட்டுக் கேட்டுப் பார்த்தும், தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது என்று சொன்னார்களே, அதே படிவம். கடல் வடிந்தால் மட்டும் தெரியும் கீழ்ப்பாறையில், எண்ணுவதற்காக நாம் பிரித்து வைத்த நாற்பது சதுரம், நாற்பதிலும் 'வெறும் பாறை, உயிர் இல்லை'. மணல் பகுதியில் இருபது சதுரம், அதிலும் ஒரு புழு வளைகூட இல்லை. துறைமுகப் பாலம் கட்டுகிறவர்களுக்கு அதுதானே தேவைப்பட்டது. நாம் இருவரும் விடியற்காலையில் முழங்கால் தேய எண்ணிய கடல் சாமந்தியும் நத்தையும் நண்டும் பொய், நீங்கள் எண்ணிக்கையைக் கூட்டி எழுதினீர்கள் என்று வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது கேளுங்கள். படிவத்தில் நேரம் போட ஒரு கட்டம் உண்டல்லவா? அதில் எழுதியிருக்கிறார், 'தொடக்கம் காலை 10.40, முடிவு 12.40'. அந்த வருடத்துக் கடல் ஏற்ற இறக்க அட்டவணையைத் தேடி எடுத்தேன். அன்று காலை 11.15க்குக் கடல் முழு ஏற்றம்! கீழ்ப்பாறைக்கு மேல் ஆள் மூழ்கும் தண்ணீர் நின்றிருக்கும். மனிதர் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து மூச்சு விடாமல் நாற்பது சதுரம் எண்ணியிருக்கிறார். முப்பது வருடத்தில் கரைக்கு நாலு தடவை வந்திருந்தால்கூடக் கை தானாக விடியற்காலை ஐந்து என்று எழுதியிருக்கும். கடலும் பத்து மணிக்கு வந்து நாற்காலியில் உட்காரும் என்று நினைத்துவிட்டார். அலமாரி முன்னால் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். டைப்பிஸ்ட் அம்மா எட்டிப் பார்த்து "என்ன ஆச்சு?" என்றார். பாராட்டுரைக்கு நல்ல விஷயம் கிடைத்தது என்றேன்.

அதோடு நிறுத்தவில்லை. பாலத்தின் இரண்டாவது பகுதிக்கு முன் மீதிக் கரையை அளக்கச் சொல்லி உத்தரவு வந்திருப்பதால், போன வாரம் மூன்று விடியலும் கீழ்ப்பாறையில்தான் இருந்தேன். வடக்குப் பக்கத்தை, பாலம் கட்டியதால் ஒதுங்கிய மணல் மூடிவிட்டது. அங்கே காலை வைத்தால் கணுக்கால் வரை புதைகிறது, ஒன்றும் இல்லை. தெற்கில் பாதி பிழைத்திருக்கிறது. நீங்கள் பெயிண்டால் போட்ட எண்கள் மங்கினாலும் படிக்க முடிகிறது. பதினேழாம் சதுரத்தில் நீங்கள் எழுதியது நாற்பத்தோரு நத்தை. நான் எண்ணியது நாற்பத்து மூன்று. அந்த இடுக்கில் இப்போதும் ஒரு கடல் முயல் பாசியை மேய்ந்துகொண்டிருக்கிறது. பாறையில் உட்கார்ந்து அழுதேன். உங்களைப் பொய்யர் என்றவன் நாக்கு அழுக வேண்டும் என்று சபித்தேன். எழுதும்போதும் அதையே சொல்கிறேன். பெருந்தன்மை, மன்னிப்பு என்று எனக்குப் பாடம் எடுக்காதீர்கள். பாலத்துக்காகக் கொடுத்த பழைய கணக்குகளைச் சரிபார்க்க, விழாவுக்கு மூன்று நாள் முன்னால் புதிய விசாரணைக் குழு கூடுகிறது. அவர் முகம் வெளுப்பதை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்கப் போகிறேன். குழுத் தலைவி கறாரான ஆள் என்கிறார்கள், சந்தோஷம்.

இனி எழுத வேண்டியதை எழுதத்தான் கை வரவில்லை. இரண்டு முறை எழுந்து போய்க் குழாயைப் பார்த்துவிட்டு வந்தேன்.

படிவத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும். அளந்தவர் ஒருவர், உடன் நின்றவர் ஒருவர். உடன் நின்றவர் யாராம் என்று அன்று நீங்கள் கேட்டீர்கள். தலைமை அலுவலக ஆள் யாரோ என்று சொன்னேன். அது பொய். அந்தக் கையெழுத்து என்னுடையது.

கரையில் ஈரக் கையோடு பேனா பிடிக்க முடியாது என்று மாத ஆரம்பத்திலேயே வெற்றுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டு வைப்போமே, உங்களுக்கும் தெரியும், நீங்களும் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கட்டில் ஒன்றை உருவி அவர் நிரப்பிக்கொண்டார். அந்தத் தேதியில் நான் கரையிலேயே இல்லை. குட்டிக்கு அம்மை போட்டிருந்ததால் விடுப்பில் இருந்தேன். விடுப்புக் கடிதமும் கோப்பில் இருக்கிறது.

இதெல்லாம் இன்றுதான் தெரிந்தது என்றால் என்மேல் குற்றமில்லை. ஆனால் விசாரணைக்கு முந்தைய நாளே எனக்குத் தெரியும். அறைக்குக் கூப்பிட்டு அந்தத் தாளைக் காட்டினார். "இது உங்க கையெழுத்துதானே? அவர் வேலை எப்படியும் போயிடும். உங்களதும் போகணுமா? குழந்தை இருக்கு, பாத்துக்குங்க" என்றார். பார்த்துக்கொண்டேன். மறுநாள் நீங்கள் அந்த நீள மேசைக்கு முன்னால் ஒற்றை ஆளாய் நின்றீர்கள். நான் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினேன். வெளியே வந்ததும் "நீயாவது இங்க இருக்கியே, அது போதும்" என்று என் தோளைத் தட்டினீர்கள். அந்த இடம் இன்னும் எரிகிறது.

சொன்னால் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். முந்தாநாள் நகலெடுக்கும் இயந்திரத்தில் அந்தப் படிவத்தை வைத்து, என் கையெழுத்தின்மேல் ஒரு வெள்ளைத் தாள் துண்டை ஒட்டி ஒரு நகல் எடுத்தேன். அழகாக வந்தது. அவர் ஒருவர் மட்டும் குற்றவாளி. பத்து நிமிடம் கையில் வைத்திருந்தேன். இவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றியதும் கிழித்துப் போட்டேன். மூலப் படிவம், ஏற்ற இறக்க அட்டவணை, விடுப்புக் கடிதம், என் வாக்குமூலம் நான்கையும் இன்று காலை குழுத் தலைவியின் கையிலேயே கொடுத்துவிட்டேன். புகாரில் இரண்டு பேரைக் குறிப்பிட்டிருக்கிறேன். முதல் ஆள் அவர், இரண்டாவது நான். பழி தீர்ப்பது என்று இறங்கியாயிற்று, எனக்கு மட்டும் என்ன சலுகை?

வேலை போனால் போகட்டும். தெற்குப் பாறை மூடாமல் தப்பினால் போதும், உங்கள் கணக்கு சரி என்று அச்சில் வந்தால் போதும். குட்டிக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியாகிவிட்டது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஸ்வெட்டர் ஈரமாக இருந்தால் போடாதீர்கள், உங்களுக்கு உடனே நெஞ்சு கட்டிக்கொள்ளும்.

பாதிக்கப்பட்டவர் என்பதால் குழு உங்களுக்கும் கடிதம் போடும். என் மனைவியை விட்டுவிடுங்கள் என்று பதில் எழுதத் தோன்றும், உங்களை எனக்குத் தெரியும். கெஞ்சிக் கேட்கிறேன், அவர்களுக்கு அப்படி எழுதாதீர்கள். எனக்கு எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

திட்டியாவது நாலு வரி வரும் என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் மனைவி