மூங்கில்காரியும் நானும்

மார்ச் 3, ஞாயிறு

மழை பெய்யாமல் இருந்திருந்தால் அந்த வீட்டுக்குள் கால் வைத்தே இருக்க மாட்டேன். ஞாயிறு சாயங்காலம் என் பெண் வாண்டை அவள் அப்பா வீட்டிலிருந்து கூட்டிவருவது என் வேலை. வாசலில் நின்று மணி அடிப்பேன், பையோடு வருவாள், கிளம்பிவிடுவோம். இன்று கொட்டிய கொட்டில் அவருடைய மனைவி - இப்போதைய மனைவி - கதவைத் திறந்து, "உள்ள வாங்கக்கா, நனையாதீங்க" என்றாள். போனேன்.

வீடா அது! பழைய கதவு ஒன்றைக் கிடத்திச் சாப்பாட்டு மேசையாக்கியிருக்கிறாள். கிழிசல் துணிகளைப் பின்னித் தரைவிரிப்பு. காலி பாட்டில்களில் செடி. மூங்கில் நாற்காலி, மூங்கில் அலமாரி, மூங்கில் விளக்கு. சுவரில் சுண்ணாம்பையும் செம்மண்ணையும் கலந்து பூசியிருக்கிறாள், தொட்டுப் பார்க்க வேண்டும்போல ஒரு நிறம். அவள் துண்டு எடுக்கப் போனபோது தொட்டும் பார்த்தேன்.

நான் பிளாஸ்டிக் சாமான் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். வாளியோ நாற்காலியோ, எது கைக்கு வந்தாலும் கண் முதலில் குறையைத்தான் தேடும். அங்கேயும் தேடினேன். மூலை, விளிம்பு, குனிந்து மேசைக்கு அடியில்கூட. ஒன்றும் சிக்கவில்லை. வயிறு எரிகிறது.

இத்தனைக்கும் நாங்கள் பிரிந்ததற்கு இவள் காரணம் இல்லை. எல்லாம் முடிந்து வெகுநாள் கழித்து வந்தவள். திட்டுவதற்கு ஒரு காரணமாவது கொடுத்திருக்கலாம், அதுவும் கொடுக்கவில்லை.

இனி இந்த நோட்டில் அவள் பெயர் மூங்கில்காரி.

மார்ச் 4, திங்கள்

இன்று வந்த வாளிகளில் பாதியைக் குறை என்று தள்ளிவிட்டேன். "வாளி மேல என்னம்மா கோவம்?" என்றார் சூப்பர்வைசர்.

மார்ச் 17, ஞாயிறு

பஸ்ஸில் வரும்போது வாண்டு சொல்கிறாள்: "சித்தி எனக்குன்னு ஒரு ரூம் பண்ணியிருக்காங்கம்மா."

சித்தி! போன மாதம் வரை ஆன்ட்டிதான். யார் சொல்லிக் கொடுத்தது? கேட்கவில்லை. "அப்படியா, நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அறை எதற்கு என்று எனக்குத் தெரியாதா? ஜூனில் பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாறுகிறாள். அது அவள் அப்பா வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. என் வீட்டிலிருந்து இரண்டு பஸ். வாரநாட்களில் எந்த வீடு என்பதை அவளே முடிவு பண்ணட்டும் என்றார் அவர். நானும் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். பதின்மூன்று வயதுப் பெண் எதைப் பார்த்து முடிவு பண்ணுவாள்? கண்ணால் பார்ப்பதைத்தானே.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். பச்சை நாற்காலி, சிவப்பு நாற்காலி, நீல முக்காலி, டப்பா மேல் டப்பா. எல்லாம் தொழிற்சாலையில் சின்னக் கீறலுக்காகத் தள்ளியவை. சல்லிசாகக் கிடைக்கிறதே என்று சேர்த்தவை. என் வீடே தள்ளிய சரக்கு மாதிரி இருந்தது.

மார்ச் 24, ஞாயிறு

எல்லாவற்றையும் தூக்கி வெளியே வைத்துவிட்டேன். மூங்கில் நாற்காலிக்குச் சொல்லியாகிவிட்டது. சணல் விரிப்புக்கும்.

வாண்டு வந்து காலி அறையைப் பார்த்தாள். "இருக்கறதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கினா அது எப்படிம்மா இயற்கைக்கு நல்லது?"

"உங்க சித்தி பண்ணா மட்டும் நல்லதா?"

"அவங்க எதையும் வாங்கலையே."

சுருக்கென்று தைத்தது. தைக்க வேண்டுமென்று அவள் சொல்லவில்லை, அதுதான் இன்னும் மோசம்.

மார்ச் 28, வியாழன்

மூங்கில் நாற்காலி தாமதமாகுமாம். தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன், முட்டி கெஞ்சுகிறது. வெளியே வைத்ததையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொண்டுவிட்டாள். என் சிவப்பு நாற்காலியை எனக்கே இழுத்துப்போட்டு, "உட்காருங்க, ஏன் நிக்கறீங்க?" என்கிறாள்.

ஏப்ரல் 6, சனி

வாண்டு அங்கே போயிருக்கிறாள். நாள் முழுக்க அவள் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். செம்மண் கொஞ்சம் கூட்டி, குறைத்து, மறுபடி கூட்டி... இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனால் சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக வந்து விழுந்தபோது, அடேயப்பா! அங்கே பார்த்த அதே நிறம். இல்லை, அதைவிட ஒரு படி மேல்.

நாளை அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 8, திங்கள்

நேற்று "சூப்பர்மா" என்று கட்டிக்கொண்டாள். இன்று காலையில் தும்மிக்கொண்டே எழுந்தாள். தலையில் பொடி, போர்வையில் பொடி, ஸ்கூல் யூனிஃபார்மில் பொடி. சுவர் செதில் செதிலாக உரிகிறது. ஒரு துண்டு என் காபியில் மிதந்தது.

கடைக்காரர் கொடுத்த அளவில்தானே கலந்தேன்? எங்கே தப்பு?

"சித்தியைக் கேளேன்மா."

"செத்தாலும் கேக்கமாட்டேன்."

ஏப்ரல் 9, செவ்வாய்

கேட்டேன்.

ஏப்ரல் 13, சனி

வந்தாள். சுரண்டுவதற்கு இரண்டு தகடுகளும் பழைய சட்டை ஒன்றும் கொண்டுவந்திருந்தாள். என் வீட்டைச் சுற்றிப் பார்ப்பாள், உதட்டைச் சுழிப்பாள் என்று காத்திருந்தேன். நேராகச் சுவரிடம் போனாள். நகத்தால் கீறினாள்.

"இதுக்கு முன்னாடி என்ன பெயின்ட் இருந்துச்சுக்கா?"

"பிளாஸ்டிக் எமல்ஷன்."

"அதான். சுண்ணாம்பை சுவர் உறிஞ்சணும். பிளாஸ்டிக் உறிஞ்சாதில்ல? மேலாக்க உக்காந்திருக்கு, காஞ்சதும் விழுது. நானும் முதல்ல ஒரு அறையை இப்படித்தான் பாழாக்கினேன். அவர்கிட்ட கேளுங்க, கதை கதையா சொல்வாரு."

பிளாஸ்டிக்கிலேயே பிழைப்பு நடத்துகிறேன், என் சுவரும் அதைத்தான் பூசிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லையே! சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். சிரிக்கும்போது நல்ல பெண்ணாகத்தான் இருக்கிறாள், சனியன்.

ஆளுக்கு ஒரு பக்கம் சுரண்டினோம். இந்த வாரம் அப்பா வீட்டுக்குப் போகாத வாண்டு, கம்ப்யூட்டர் வகுப்பு முடிந்து வந்தாள். பையை விட்டெறிந்தாள், அறையைப் பார்த்தாள், ஆரம்பித்தாள்: "என் படத்தையெல்லாம் மறுபடி யாரு கழட்டினது? என் ரூமை என்னைக் கேக்காம ஏம்மா தொடற? உனக்கு வேற வேலையே இல்லையா?" கத்திவிட்டு, ஷூவோடு போய் என் படுக்கையில் விழுந்தாள்.

மானம் போயிற்று. வளர்த்த லட்சணம் என்று நினைப்பாளே! திரும்பினால், மூங்கில்காரி தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறாள்.

"எங்க வீட்டுல அவ சத்தமே போடமாட்டாக்கா" என்றாள். "சாப்பிட்டா தட்டைக் கழுவி வெச்சிடறா. குளிச்சா தரையைத் துடைச்சிட்டு வர்றா. என்ன வேணும்னு கேட்டா, பரவால்லம்பா. அந்த ரூமை அவளுக்காகப் பார்த்துப் பார்த்துப் பண்ணேன். பெட் மேல ஒரு சுருக்கம்கூட இல்லாம வெச்சிட்டுப் போறா. ஹோட்டல்ல தங்கற மாதிரி." மூக்கை உறிஞ்சினாள். "உங்களைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்குக்கா."

"சுண்ணாம்பு கண்ணுல படப்போகுது, கழுவிக்கோ" என்றேன்.

இது என் நோட்டு, மறைப்பானேன். அவள் கண்ணைக் கழுவப் போன அந்த இரண்டு நிமிஷம் எனக்குள் குளுகுளுவென்று இருந்தது. பல மாதமாக இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

சுவர் பாதி பழைய நீலமும் பாதி செம்மண் திட்டுமாக நிற்கிறது. "இப்படியே விட்டுடும்மா, இனிமே யாரும் தொடாதீங்க" என்று உத்தரவு.

ஜூன் 2, ஞாயிறு

முடிவு சொல்லிவிட்டாள். வாரநாட்களில் அங்கே.

நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்திருந்தேன். ஏப்ரலிலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டு பாத்திரம் கழுவியவள் நான்!

"அங்க வீடு அழகா இருக்குன்னா?"

"ஐயோ அம்மா! ஸ்கூல் பக்கம். ஏழரை வரைக்கும் தூங்கலாம். அவ்ளோதான்."

தூக்கம். மூங்கிலும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. நான் ஒருத்தி இடுப்பொடிய அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் துணிகளை மடித்துப் பையில் வைத்தேன். சரியாக மடிக்கவில்லை என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி மடித்தேன்.

ஜூன் 5, புதன்

மூங்கில் நாற்காலி ஒருவழியாக வந்து சேர்ந்தது. உட்கார்ந்தால் கிறீச்சென்கிறது. வீட்டில் அது ஒன்றுதான் பேசுகிறது.

ஜூலை 11, வியாழன்

மதியம் மூங்கில்காரியிடமிருந்து போன். "அக்கா, பயப்படாதீங்க. அவளுக்குக் காய்ச்சல். டாக்டர்கிட்ட காட்டிட்டேன், சாதாரணக் காய்ச்சல்தானாம். கட்டில்ல இருந்து எழுந்திருக்கறதுக்குள்ள வாந்தி எடுத்துட்டா, பாவம்."

"இதோ கிளம்பறேன்."

தயங்கித் தயங்கி, "அம்மாவை வரச் சொல்லட்டுமான்னு கேட்டேங்க்கா. வேணாம், நீங்களே இருங்கன்னா."

எவ்வளவோ அடக்கித்தான் சொன்னாள். ஆனாலும் குரலில் அந்தக் குளுகுளுப்பு. எனக்குத் தெரியாதா அது?

"சரி, பார்த்துக்கோ" என்று வைத்துவிட்டேன். பையை எடுத்துக்கொண்டு தொழிற்சாலை கேட் வரை நடந்தேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டைத் திறந்தார். வெளியே போகவில்லை, உள்ளேயும் திரும்பவில்லை. நீங்களே இருங்க என்று சொன்னாளாமே. யாரிடம்? ஒரு வருஷத்துக்கு முன்னால் யாரென்றே தெரியாதவளிடம்! என் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டுமென்று அவளுக்கு என்ன தெரியும்?

தெரியாதுதான். அவள் அப்பாவுக்கே தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் ஒரு நிமிஷம் நினைத்தேன்.

வாட்ச்மேன் "போறீங்களாம்மா, இல்லையா?" என்றார்.

போன் போட்டேன். "இங்க பாரு. காய்ச்சல் வந்தா அவளுக்கு உள்ளங்கால் குடையும். வலிக்குதான்னு கேட்டா இல்லம்பா. கேக்காத. நீயா போய் கால்மாட்டுல உக்காந்து தேய்ச்சு விடு. முதல்ல காலை இழுத்துப்பா, உதறுவா. விட்டுடாத, மறுபடி பிடி. கொஞ்ச நேரத்துல தூங்கிடுவா."

"சரிங்க்கா" என்றாள்.

உள்ளே போய் மிச்சமிருந்த வாளிகளைப் பார்த்தேன். எதையும் தள்ளவில்லை. நல்ல சரக்கா, நான்தான் சரியாகப் பார்க்கவில்லையா, தெரியாது.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவிக்கொண்டிருக்கும்போது மெசேஜ் வந்தது. "தூங்கிட்டாக்கா. காலை இழுத்துக்கவே இல்லை."