இருபதில் பத்தொன்பது

பிப்ரவரி 4, 2019
மொந்தெவிதேயோவில் வெயில் கொளுத்துகிறது. ஆய்வகத்தில் மட்டும் குளிர். எனக்காக அல்ல, கருவிக்காக. டி.என்.ஏ.வை ஒவ்வொரு இழையாக நுண்துளைக்குள் இழுத்துப் படிக்கும் கருவி. என்னைவிட அதற்குத்தான் இங்கே மரியாதை.

பாசோ டெல் சாவ்சே ஊரில் சேகரித்த இருபது எச்சில் குழாய்களும் இன்று முடிந்தன. பூர்வகுடி வழியில் வரும் அரிய மரபுக்குறி இருபதில் பத்தொன்பது பேரிடம் "உண்டு" என்றது கணினி! பூர்வகுடி யாருமே மிஞ்சவில்லை என்று பள்ளியில் படித்த ஊர் அது. எழுந்து ஆடினேன். முப்பத்தொன்பது வயதில் ஆடக்கூடாத ஆட்டம்.

உடனே நிபியாவுக்குப் போன். அவள் கடை வாசலில்தான் எச்சில் சேகரித்தேன். இல்லாத அந்த ஒருவர் யார் என்று கேட்டாள். சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 7
அடுத்து வரும் மரபியல் மாநாட்டில் முதல் நாளே, பெரிய அரங்கத்தில் என் உரையாம். நீல உடை வாங்கினேன்.

பிப்ரவரி 11
நிபியா போன் செய்தாள். "ஸுல்மா, ஊரே ஆடுது! மார்ச் குதிரை ஊர்வலத்துக்கு 'பூர்வகுடி வாரிசுகள்'னு பேனர் எழுதியாச்சு."

"கொடி வழக்கம்போல ரூஃபினோதானே?" முப்பது வருடமாக அவர்தான் பிடிக்கிறார்.

"அவன் எப்படிப் பிடிப்பான்? நீதானே சொன்ன, அவன்கிட்ட மட்டும் இல்லேன்னு. கொடிய வாங்கிட்டாங்க. பாவம், குதிரைய ஓட்டிட்டுப் போயிட்டான்."

பெயரைச் சொல்லக் கூடாது என்பது விதி. அதை மாணவர்களுக்குக் கற்பிப்பதும் நான்தான். எனக்குத்தான் யாரும் கற்பிக்கவில்லை.

பிப்ரவரி 14
கருவியைப் பராமரிக்கும் எதெல்மார் எட்டிப் பார்த்தார்.

"டாக்டர், எத்தனை இழையில குறி இருக்கு?"

"உண்டுன்னு போட்டிருக்கே."

"அது கெடக்கு. எத்தனை?"

எண்ணினோம். அப்பாவோ அம்மாவோ கொடுத்த குறி என்றால் பாதி இழைகளில் இருக்க வேண்டும். இதில் ஆயிரத்துக்கு நான்கு, ஐந்து. பத்தொன்பது குழாயிலும் இதே கதை.

"யாரோ ஒரே ஆளோட எச்சில் எல்லாத்துலயும் கலந்திருக்கு," என்றார்.

யாருடையது?

பிப்ரவரி 15
என்னுடையது.

என் எச்சிலைப் படித்தோம். பாதிக்குப் பாதி. ஏழு மாத ஆராய்ச்சியில் நான் கண்டுபிடித்தது என்னையே.

கையுறை போட்டேன், முகமூடி போட்டேன் — அப்புறம் எப்படி? அன்று எடுத்த படத்தைப் பார்த்தேன். குழாய்களைத் திறப்பதற்கு முன் எடுத்தது. முகமூடி இல்லை, என் மடியில் ஃபிளாஸ்க், கையில் மாத்தே என்ற இலைக் கஷாயம் நிறைந்த சுரைக்குடுக்கை. கூச்சம் போகட்டும் என்று நானே ஊற்றிக் கொடுத்தேன். ஊற்றுபவள் முதலில் குடிக்க வேண்டும். பிறகு அதே உறிஞ்சுகுழல் வாய் வாயாகச் சுற்றும். அத்தனை பேரும் குடித்த கையோடு குழாயில் துப்பினார்கள்.

ரூஃபினோவுக்கு வயிற்றுப்புண். அவர் மட்டும் குடிக்கவில்லை. இருபதில் சுத்தமான ஒரே குழாய் அவருடையது. அடிப் பாவி, அந்த மனுஷன் கையில இருந்த கொடிய நீதானேடி பிடுங்கின!

பிப்ரவரி 16
மாநாட்டிலிருந்து விலகிவிட்டேன். உடையைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

பிப்ரவரி 22
ஊருக்குப் போய், நிபியாவின் கடை வாசலில் எல்லார் முன்னும் உண்மையைச் சொன்னேன். நிபியா கேட்டாள்: "அப்போ உன் எச்சிலக் குடிச்சதுக்கா பேனர் கட்டினோம்?"

எல்லாரும் சிரித்தார்கள். ரூஃபினோ சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

"பத்து நாளா யாரும் என்னை எதுக்கும் கூப்பிடல, டாக்டரம்மா," என்றார். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுபடியும் எச்சில். அரை மணி நேரம் யாரும் மாத்தேயைத் தொடக் கூடாது. இந்த ஊரில் நடக்கிற காரியமா? ஃபிளாஸ்க்கை ரூஃபினோவிடம் கொடுத்தேன். மடியில் வைத்துக் காவல் இருந்தார்.

"கைய எடு நிபியா. ஆராய்ச்சி நடக்குது," என்று விரட்டினார்.

மார்ச் 9
இருபதில் பூஜ்யம். ஊரே ரூஃபினோ கட்சி.

மார்ச் 16
ஊர்வலம். முன் குதிரையில் ரூஃபினோ, கையில் கொடி. பின்னால் நடந்தே வந்தது பேனர். "வாரிசு நீ ஒருத்திதான், நீயே தூக்கு," என்று நிபியா என் தலையில் கட்டிவிட்டாள். நீல உடைக்கு ஒருவழியாக வேலை வந்தது.

முடிந்ததும் மறுபடியும் என்னையே மாத்தே ஊற்றச் சொன்னார்கள். ரூஃபினோ சேணத்திலிருந்து குனிந்தார்.

"இன்னைக்கு யாரும் துப்பப் போறதில்லையே? அப்போ எனக்கும் ஊத்துங்க."

வயிற்றுப்புண்ணை நினைவூட்டினேன். ஒரே மடக்குதான் என்று, நான் முதலில் குடித்த அதே உறிஞ்சுகுழலில் வாங்கிக் குடித்தார். சுத்தமாக இருந்த ஒரு குழாயும் போயிற்று.