முதல் சொம்பு கூழ்

ஆடி 2, வெள்ளி
தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம். ரேணுகாம்பாள் படத்துக்குக் கற்பூரம் காட்டும்போது தட்டு வலது கையிலிருந்து நழுவியது. விரல்கள் என்னுடையவை மாதிரியே இல்லை. சுவரோரம் சாய்ந்து படுத்ததும் சரியாகிவிட்டது.

ஆடி 3
போன வருடம் நேர்ந்துகொண்ட கூழை ஊற்றவில்லை. அதுதான் அம்மனுக்குக் கோபம். செவ்வாயும் விரதம், ஆடி 23 கூழ். வீட்டுக்காரரிடம் கையைப் பற்றிச் சொல்லவில்லை.

ஆடி 6, செவ்வாய்
மறுபடியும். இந்த முறை பெற்ற மகள் பெயரே வாயில் வரவில்லை. படுத்தேன், வந்தது. எழுந்தேன், போயிற்று. பயத்தைவிட ஆச்சரியம்தான். நிற்கும்போது மட்டும் ஏன் கோபிக்கிறாள் அம்மன்?

மகள் சங்கீதா பார்த்துவிட்டாள். "வாய் கோணிகினு போவுது, எழுந்து எழுந்து பாத்துகினு இருக்கியேம்மா. ஜல்தி கெளம்பு." அவர் பாதிப் புடவையைத் தறியில் விட்டுவிட்டு வண்டி பிடித்தார்.

ஆடி 7, வேலூர் ஆஸ்பத்திரி
ஸ்கேனைக் காட்டச் சொன்னேன். மூளையின் இடப்பக்கத்துப் பெரிய ரத்தக்குழாய் நடுவிலேயே நின்றுவிடுகிறது. முழு அடைப்பு.

"அப்புறம் எப்பிடி டாக்டரம்மா நான் பேசிகினு இருக்கேன்?"

"பக்கத்துச் சின்னக் குழாய்ங்க சுத்தி வந்து ரத்தம் குடுக்குது. நீங்க பட்டினியா, தண்ணி குடிக்காம நின்னா அதுங்களால முடியாதும்மா."

எங்கள் தெரு மெயின் பைப் அடைத்தபோது பின்தெரு லைனிலிருந்து தண்ணீர் வந்ததே, அப்படி. அதுவும் மேட்டு வீட்டுக்கு ஏறவில்லை.

கம்பி விட்டு அடைப்பை எடுக்கலாமாம். அதிலும் ஆபத்து உண்டாம். இப்போதைக்கு மாத்திரை, படுக்கை. மோசமானால் உடனே எடுப்பார்கள்.

ஆடி 8
நர்ஸ் வரும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொல்கிறாள். தூக்குகிறேன். எனக்குத் தெரியாமலே எனக்குள் இவ்வளவு சுற்றுவழியா? யார் போட்டு வைத்தது?

ஆடி 14
வீடு. இனி விரதமே கூடாதாம். கூழ் ஊற்றி முடிக்கும்வரை நேர்ந்தவள் பச்சைத் தண்ணீர் தொடக்கூடாதே — என்ன செய்ய? அவரிடம் கேட்டேன்.

"அம்மனும் பொம்பளதானே, அவளுக்குத் தெரியாதா? நீ குடிக்காம நின்ன, அண்டாவக் கவுத்துருவேன்."

ஆடி 23, வெள்ளி
கூழ் பதமாக வந்தது. படையலுக்கு முன்பே முதல் சொம்பை நான் குடித்தேன். தெருவே பார்த்தது. எதிர்வீட்டு முனியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு எழுந்து, வலது கையாலேயே ஊற்றினேன். அண்டா காலியாகும்வரை சொம்பு நழுவவில்லை.