நீ நன்மை எடுக்காத ஞாயிறுகள்

பீடத்துணிக்குப் போடும் கஞ்சி அடுப்பில் பொங்கி வழிந்து அடிப்பிடித்துவிட்டது. அந்தக் கருகல் வாசம் மூக்கில் ஏறியதும், நீ பின்னால் நின்று சிரிக்கிறாய் என்றே திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. கோயில் பின்வளவில் கச்சான் காற்றுத்தான் மணலை அள்ளிக் கதவில் அடித்துக்கொண்டிருந்தது. இன்றைக்குச் சனிக்கிழமை, விடிந்தால் பூசை. இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

எத்தனை சனிக்கிழமைகள் நாமிருவரும் இந்த வளவில் நின்றிருப்போம்! நீ துவைப்பாய், நான் கஞ்சி போட்டு அயன் பண்ணுவேன். ஒரு சுருக்கம் தெரிந்தாலும் எனக்குப் பொறுக்காது. "இப்பிடி விறைக்கப் பண்ணினா பாதர்ட கைய வெட்டுமடி" என்பாய். நான் முறைப்பேன். ஞாயிறு காலையில் அந்த வெள்ளைத் துணியைப் பார்க்கும்போது, கடவுளின் வீட்டை ஆயத்தம் பண்ணியவள் நான் என்று எனக்கொரு தலைக்கனம். என்னை ஆயத்தம் பண்ணவேண்டும் என்று நினைத்ததேயில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாலும் கடைக்குச் சாமான் துண்டு கொடுப்பதுபோல ஒரே பட்டியல்தான்: கோபப்பட்டேன், பொய் சொன்னேன், செபத்தில் பராக்காக இருந்தேன். பாதர் மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொல்வார். வாசலைத் தாண்டுமுன் அதையும் சொல்லி முடித்துவிடுவேன்.

நீ வேறு மாதிரி. பூசைக்கு அரை மணித்தியாலம் முந்தியே வந்து கடைசி வாங்குப் பலகையில் இருப்பாய். அப்படி என்ன செபிக்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "செபிக்கேல்ல. ஆரோட மனஸ்தாபம் கிடக்கெண்டு தேடிப் பாக்கிறன்" என்றாய். கண்டுபிடித்தால் என்ன செய்வாய் என்றேன். "எழும்பிப் போய்க் கதைச்சுப்போட்டு வருவன்." உண்மையாகவே போவாய். ஒரு தடவை மணி அடிக்கிற நேரத்தில் எழும்பி, கருவாட்டு வாடியில் வேலைசெய்த ஒருத்தியிடம் மன்னிப்புக் கேட்க ஓடி, பிரசங்கம் முடியும்போது மூச்சு வாங்க வந்து நின்றாய். எனக்கு அது விசர் வேலையாகத்தான் பட்டது.

பிறகு என் மகனின் கலியாணக் கதை. உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் நான் அதை ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை, இப்போதாவது சொல்கிறேன். நுரைச்சோலைப் பிள்ளை ஒருத்திக்கு அவன் சொல்லுக் கொடுத்திருந்தான். இரண்டு வருடம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்துபோனாள். என்னை மாமி என்றாள், என்னோடு இருந்து மீன் வெட்டினாள். சிலாபப் பக்கமிருந்து ஒரு வசதியான இடம் கேட்டு வந்ததும் என் புத்தி மாறியது. மகனை நான்தான் மாற்றினேன். ஊர் காரணம் கேட்குமே! அதனால் ஒரு ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் பெண்கள் கூடி நிற்கும்போது, "அந்தப் பிள்ளையின்ர நடத்தை சரியில்ல" என்றேன். அவ்வளவும் பொய். நீயும் அங்கேதான் நின்றாய். என்னைப் பார்த்தாய், ஒன்றும் பேசவில்லை.

சிலாபத்தார் உன் வீட்டுக்கு வந்து விசாரித்தபோது மட்டும் வாய் திறந்தாய். "பெடியன் ஒரு பிள்ளைக்குச் சொல்லுக் குடுத்தவன். அந்தப் பிள்ளையில ஒரு பிழையுமில்ல." சம்பந்தம் அதோடு முறிந்தது. மகன் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். நான் உன்னோடு கதைப்பதை விட்டேன்.

அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் இருவரும் வந்தோம். நீ துவைத்தாய், நான் அயன் பண்ணினேன், ஒரு சொல் இல்லை. ஞாயிறு பூசையில் நற்கருணை நேரம் வந்ததும் நன்மை எடுக்க நான் வரிசையில் முன்னுக்கு நிற்பேன். நீ எழும்பமாட்டாய். கிழமைக்குக் கிழமை வாங்கிலேயே இருந்தாய். "நன்மை எடுக்காம இருக்கிறாளெண்டா ஏதோ பெரிய பாவம் செய்திருப்பாள்" என்று பெண்கள் குசுகுசுத்தார்கள். காரணம் நான்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அது இனித்தது.

தவக்காலத்தில் ஒருநாள் என் குசினி வாசலில் வந்து நின்றாய்.

"நான் சொன்னது பிழையெண்டு சொல்ல வரேல்ல. ஆனா நீ என்னோட கதைக்காம இருக்கேக்க எனக்கு முன்னுக்குப் போக ஏலாம கிடக்கு."

"எனக்கு உன்னில ஒரு கோவமும் இல்ல. நீ போய் எடு" என்றேன், வெட்டிக்கொண்டிருந்த மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"முகத்தப் பாத்துச் சொல்லு."

நான் பார்க்கவில்லை. "அப்ப நான் வாங்கிலயே இருக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். உயிர்த்த ஞாயிறன்றும் நீ வாங்கில்தான் இருந்தாய்.

பிறகு நீ படுக்கையில் விழுந்தாய். பாதர் வீட்டுக்கே நன்மை கொண்டுவந்த அன்று, அவரை முற்றத்தில் இருத்திவிட்டு உன் புருஷனை என்னிடம் அனுப்பினாய். ஓடி வந்தேன். வீங்கிப்போயிருந்த உன் முகத்தைப் பார்த்ததும் என் வீறாப்பெல்லாம் போய்விட்டது. மன்னித்துக்கொள் என்று கேட்டு அழுதேன். நீ என் கையைப் பிடித்தாய். "என்னட்டக் கேட்டது போதும். அவளிட்டக் கேட்டியா?" நான் பதில் சொல்லுமுன் பாதர் உள்ளே வந்துவிட்டார். குழந்தைபோல வாயைத் திறந்து வாங்கினாய். நாலாம் நாள் உன்னை அடக்கம் பண்ணினோம்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல வரிசையில் போனேன். எனக்கு முன்னால் இரண்டே பேர். அவளிட்டக் கேட்டியா என்றாயே, அது காதில் விழுந்தது. வரிசையை விட்டு வந்து இருந்துவிட்டேன். அன்று தொடக்கம் நானும் நன்மை எடுப்பதில்லை. இப்போது என்னைப் பற்றிக் குசுகுசுக்கிறார்கள். நல்லா வேணும் எனக்கு.

பாதரிடம் இந்தமுறை பட்டியல் இல்லாமல் சொன்னேன். "அந்தப் பிள்ளையிட்டப் போங்க" என்றார். இரண்டு தடவை எங்கள் மாம்புரியில் பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கித் திரும்பினேன். மூன்றாம் தடவை அவள் வேலை செய்யும் ஹாஜியாரின் வெங்காயக் கொட்டில் வரைக்கும் போய், வெங்காயம் வாங்க வந்தவள்போல ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நீ கண்டிருந்தால் வயிறு நோகச் சிரித்திருப்பாய்.

வியாழக்கிழமை உள்ளேயே போனேன். சாக்கை விரித்து அதில் இருந்து வெங்காயத் தாள் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கலியாணம் இன்னும் சரிவரவில்லை. யார் காரணம் என்று நான் கேட்கத் தேவையில்லை.

"என்ன அன்ரி?" என்றாள். மாமி என்று கூப்பிட்ட வாய்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவளின் கத்தி நிற்கவில்லை. நான் முடித்ததும்தான் நிமிர்ந்தாள்.

"நான் அப்பிடிப்பட்டவள் இல்லையெண்டு எனக்குச் சொல்லவா பஸ் ஏறி வந்தனீங்க? அது எனக்குத் தெரியும்தானே. கோயில் முத்தத்தில சொன்னீங்க. அங்க போய்ச் சொல்லுங்க."

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. திரும்பவும் வெங்காயத்தைக் கையில் எடுத்தாள்.

நாளைக்குச் சொல்லவேண்டும். பூசைக்கு முந்தியே, பெண்கள் முற்றத்தில் நிற்கும்போதே சொல்லவேண்டும். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் பின்வாசலால் ஓடிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். வெயில் ஏறுமுன் கதை கட்டாருக்குப் போய்விடும். மகன் என்ன சொல்வானோ? அடுத்த சனிக்கிழமை இந்த வளவுக்குள் என்னை விடுவார்களோ தெரியாது. காலையிலிருந்து 'நான் சொன்னது பொய்' என்ற அந்த ஒரு வசனத்தைச் சொல்லிப் பார்க்கிறேன், பாதியில் நா ஒட்டிக்கொள்கிறது. நீ பக்கத்தில் நின்றால் சொல்லிவிடுவேன். நீ இல்லை.

எத்தனையோ வருடம் ஞாயிறுதோறும் கடவுளுக்கு முன்னால் போய் வாயைத் திறந்துவிட்டு வந்திருக்கிறேன். ஒருநாளும் பயந்ததில்லை. இன்றைக்குத்தான் பயமாக இருக்கிறது. இந்தப் பயத்தை நீதான் எனக்கு விட்டுப்போனாய். நாளைக்கு இதையும் தூக்கிக்கொண்டுதான் போகப்போகிறேன்.