ஆந்தை யார் பக்கம் திரும்பும்

மார்ச் 4, செவ்வாய்

சிறுவர் நூலகத்துக்கு நாங்கள் செய்யும் மர ஆந்தை இன்று முதன்முதலாகத் தலையைத் திருப்பியது. குரல் வரும் பக்கம் திரும்பி, குனிந்து வணக்கம் வைக்கும். நிரல் முழுக்க நான் எழுதியது. தச்சர் அண்ணன், "கழுத்து என்னுது, புத்தி உன்னுது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 5, புதன்

திறப்பு விழா அழைப்பிதழ் வந்தது. "உருவாக்கம்" என்று பட்டறைத் தலைவர் பெயர் மட்டும். நிரலில் அவர் கைபட்டது ஒரே இடம் — நான் சாப்பிடப் போன நேரத்தில் குரல் இடமா வலமா என்று கண்டுபிடிக்கும் என் சைன் வரியை அழித்திருக்கிறார்!

"எதுக்கு சார் எடுத்தீங்க?"

"இடது பக்கம்னா கோணம் மைனஸ். அப்ப கொசைனும் மைனஸ். அதுலயே பக்கம் தெரிஞ்சிடுமே, சைன் என்ன தண்டத்துக்கா?"

"இல்ல சார், மைனஸ் நாப்பதுக்கும் பிளஸ் நாப்பதுக்கும் கொசைன் ஒண்ணுதான். ரெண்டுமே பிளஸ். பக்கத்தச் சொல்றது சைன்தான். அது இல்லன்னா ஆந்தை எப்பவும் வலது பக்கமே திரும்பும்."

"எனக்கே கொசைன் சொல்லித் தர்றியா? இனிமே அதுல கை வைக்காத."

சோதித்தும் பார்த்தார். ஆந்தைக்கு இடப்பக்கம் முழுக்கப் பலகை அடுக்கு. நிற்க இடம் வலப்பக்கம்தான். கூப்பிட்டார், அழகாகத் திரும்பிக் கும்பிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தார், பாருங்கள்!

மார்ச் 6, வியாழன்

கை வைக்கவில்லை. நான் சொன்ன பேச்சு கேட்கிற பெண்.

மார்ச் 8, சனி

திறப்பு விழா. சின்ன அறை, தரை முழுக்கப் பிள்ளைகள். தலைவர் ஆந்தைக்கு இடப்பக்கம் நின்றார். ஸ்விட்ச் வலப்பக்கம் இருந்ததால் நான் அங்கே நின்றேன். இடப்பக்கமும் ஒன்று இருந்தது — அது இப்போது எதற்கு?

"இதுக்கு உயிர் கொடுத்தது யாருன்னு ஆந்தையே காட்டும், பாருங்க!"

ஆந்தை அவருக்குப் பின்மண்டையைக் காட்டி, எனக்குக் குனிந்து வணக்கம் வைத்தது.

"இங்க பாரு! இங்க!"

எனக்கு இன்னொரு வணக்கம். "அந்த அக்காதான்! அந்த அக்காதான்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

மார்ச் 10, திங்கள்

"அந்த வரியப் போட்டுடும்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். போட்டுவிட்டேன்.

மத்தியானம் போன் வந்தது. தலைவர்தான் எடுத்தார். நூலகத்து அம்மா போலிருக்கிறது. "ஆந்தை செஞ்சவங்கதான? இருங்க, கூப்பிடுறேன்" என்று சொல்லி, போனை என் மேசைக்கே கொண்டுவந்து நீட்டினார்.