எதிர்த் திசை

என் அன்பான உங்களுக்கு,

நீங்கள் ஒரேயடியாக மஸ்கட்டை விட்டு வரப்போவதை நம் மகள் பிளஸ்ஸி ஸ்கூல் முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்கும் சந்தோஷம்தான். கார் வாங்கி, தினமும் என்னை எழும்பூர் ஆபீஸில் விடுவதாகச் சொன்னீர்கள். "இனிமே நீ டிரெயின்ல இடிபட வேணாம்" என்றீர்கள். போனில் நான் வெறுமனே "ம்" என்றேன்.

நான் இடிபடுவதில்லை. நம் குரோம்பேட்டையில் ஏறினால் நிற்கத்தான் இடமிருக்கும். அதனால் காலையில் முதலில் தாம்பரத்துக்குப் போகிறேன். அங்கிருந்தே புறப்படும் வண்டியில் ஜன்னலோரம் கிடைக்கும். நீங்கள் படித்துவிட்டுப் பாராட்டிய கதைகள் எல்லாம் அந்த சீட்டில் உட்கார்ந்து செல்போனில் எழுதியவை. வீட்டில் ஒரு வரிகூட வந்ததில்லை.

பக்கத்தில் உட்காரும் அம்மணி ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்ப்பவள். நான் எழுத எழுத எட்டிப் பார்த்துப் படிப்பாள். இப்போது எழுதும் கதையில் ஒரு பெண் புருஷனிடம் ஒரு விஷயத்தைச் சொல்லத் தயங்கிக்கொண்டே இருக்கிறாள்.

"இன்னாக்கா, அந்தப் பொண்ணு இன்னும் வாயத் தொறக்கலியா?" என்று நேற்றுக் கேட்டாள்.

இன்று கதையை அப்படியே வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

கார் வாங்குங்கள். சாயங்காலம் ஆபீஸுக்கே வந்து அழைத்துக்கொள்ளுங்கள், வழியெல்லாம் பேசிக்கொண்டு வரலாம். காலையில் மட்டும் ஆபீஸுக்கு எதிர்த் திசையில் ஓட்டுங்கள். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டால் போதும்.

அங்கே எனக்கு உட்கார இடம் இருக்கிறது.

ஜன்னலோரத்திலிருந்து,
உங்கள் மனைவி